ஸ்டீம் கணக்கு கைவிட்டுப் போனால் பாஸ்வேர்டு மாற்றுவது மட்டும் போதாது

கணினி விளையாட்டுகளை வாங்கி விளையாடும் தளமான ஸ்டீமில் சித்தப்பா மகனின் கணக்கு திருடுபோய், அதை அண்மையில் மீட்டுக் கொடுத்தேன். திருட்டு தெரிந்த உடனேயே அவன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டான், போனில் ஸ்டீம் கார்டு (Steam Guard) என்ற இரண்டு அடுக்குப் பாதுகாப்பும் இருந்தது. அப்படியும் இரண்டு நாள் கழித்து கவுண்டர் ஸ்ட்ரைக் 2 விளையாட்டின் ஸ்கின்களில் (ஆயுதங்களின் அலங்காரத் தோற்றங்கள், விற்கவும் செய்யலாம்) மிச்சமிருந்த நல்ல கத்தியும் போய்விட்டது. "அண்ணா, பாஸ்வேர்டு மாத்திட்டேன், ஓடிபி என் போனுக்குத்தான் வருது, அப்புறம் எப்படிப் போகும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பதிலைத் தேடியபோது ஆங்கிலத்தில் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது, அதனால் செய்ய வேண்டியதை வரிசையாக இங்கே எழுதி வைக்கிறேன். கணக்கு தொடங்குவது, ஸ்டீம் செயலியைப் போனில் போடுவது இதையெல்லாம் விளக்கப்போவதில்லை.

கணக்கு ஏற்கெனவே பறிபோனவர்கள் அடுத்த பகுதியை விட்டுவிட்டு நேராகப் படி 1-க்குப் போங்கள். நேரம் முக்கியம்.

எப்படி உள்ளே வருகிறார்கள்

பெரும்பாலும் யாரும் எதையும் உடைத்து உள்ளே வருவதில்லை, நம் கையாலேயே கதவைத் திறக்க வைக்கிறார்கள். அதிகம் நடக்கும் மூன்று வழிகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, "ப்ரோ சாரி, தெரியாம உன் அக்கவுண்ட்டை ரிப்போர்ட் பண்ணிட்டேன்" என்று வரும் செய்தி. இது முன்பின் தெரியாதவரிடமிருந்து வந்தால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் வருவது பல வருடப் பழக்கமுள்ள நண்பரின் கணக்கிலிருந்து. அவர் கணக்கு நேற்றே போயிருக்கும், அது அவருக்கே தெரியாமல்கூட இருக்கலாம். உன் கணக்கைத் தடை செய்யப் போகிறார்கள், டிஸ்கார்டில் (அரட்டைச் செயலி) இந்த ஸ்டீம் அதிகாரியிடம் உடனே பேசு என்று ஒரு பெயரைக் கொடுப்பார்கள். அந்த "அதிகாரி" மின்னஞ்சலை மாற்றச் சொல்வார், வரும் ஓடிபியைக் கேட்பார், சில சமயம் கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை அனுப்பு, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறோம் என்பார். ஸ்டீம் ஊழியர்கள் டிஸ்கார்டிலோ ஸ்டீம் சாட்டிலோ யாரையும் தொடர்புகொள்வது கிடையாது. ஹெல்ப் டாட் ஸ்டீம்பவர்ட் டாட் காமில் நீங்கள் திறந்த டிக்கெட்டுக்குள்தான் பேசுவார்கள். ஒருவர் டிஸ்கார்டில் வந்து தன்னை ஸ்டீம் ஆள் என்று சொன்னாலே அவர் திருடன்தான், மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது, போலி லாகின் ஜன்னல். "எங்கள் டீமுக்கு ஓட்டுப் போடு", "இந்த டோர்னமென்ட்டில் சேர்ந்துகொள்" என்று ஒரு லிங்க் வரும். சேர்வதற்கு ஸ்டீம் மூலம் லாகின் செய் என்றதும் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். அதன் முகவரிப் பட்டையில் ஸ்டீம்கம்யூனிட்டி டாட் காம் என்று சரியாகவே இருக்கும், பூட்டுப் படமும் இருக்கும். ஆனால் அது ஜன்னலே இல்லை, அந்தப் பக்கத்துக்குள் வரைந்து வைத்த படம். 2022-இல் இந்த உத்தி வெளிச்சத்துக்கு வந்தது, அதே வருடமே ஸ்டீம் பயனர்கள் மேல் பரவலாகப் பிரயோகித்தார்கள். கண்டுபிடிக்க இரண்டு சோதனை போதும். அந்தச் சின்ன ஜன்னலைப் பிடித்து பிரவுசருக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். நிஜ ஜன்னல் வெளியே வரும், போலி பிரவுசரின் விளிம்பில் முட்டி நின்றுவிடும். அடுத்தது, இன்னொரு டேபில் நீங்களே முகவரியைத் தட்டி ஸ்டீமில் லாகின் செய்துவிட்டு வாருங்கள். நிஜமான லாகின் பக்கம் உங்கள் பெயரையும் படத்தையும் காட்டி ஒரே ஒரு பொத்தானை மட்டும் அழுத்தச் சொல்லும். அப்போதும் பாஸ்வேர்டு கேட்டால் டேபை மூடிவிடுங்கள். போன் திரையில் இழுத்துப் பார்க்க வழியில்லை, அதனால் போனில் எந்த வெளித் தளத்திலும் ஸ்டீம் லாகின் செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து.

அதே பக்கத்தில் க்யூஆர் கோடும் காட்டுவார்கள். ஸ்டீம் செயலியால் ஸ்கேன் செய்து "சரி" கொடுத்தால் பாஸ்வேர்டு இல்லாமலே அவர்கள் கணினியில் உங்கள் கணக்கு திறந்துவிடும். ஸ்கேன் செய்ததும் எந்த ஊரிலிருந்து லாகின் என்று செயலி காட்டும், அதைப் படிக்காமல் அழுத்தாதீர்கள்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. "நான் ஒரு கேம் செய்திருக்கிறேன், விளையாடிப் பார்த்துச் சொல்லு" என்று ஒரு ஃபைலை அனுப்புவார்கள். அதைத் திறந்தால் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும், ஏற்கெனவே லாகின் ஆகியிருப்பதை நினைவில் வைத்திருக்கும் குக்கீகளும் மொத்தமாகப் போய்விடும். குக்கீ போனால் ஓடிபி வைத்திருந்தும் பயனில்லை, ஏனென்றால் அவர்கள் புதிதாக லாகின் செய்ய வேண்டியதே இல்லை. ஸ்டீம் கடைக்குள் இருக்கும் விளையாட்டு என்றால்கூட முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. 2025 பிப்ரவரியில் பைரேட்ஃபை என்ற விளையாட்டில் மால்வேர் (தீங்கு செய்யும் நிரல்) இருந்தது தெரிந்து கடையிலிருந்து நீக்கினார்கள், அதை ஓட்டியவர்களிடம் விண்டோஸை மறுபடி நிறுவுவது பற்றியும் யோசிக்கச் சொன்னார்கள்.

படி 1: சுத்தமான கருவியிலிருந்து தொடங்குங்கள்

ஏதாவது ஃபைலைத் திறந்த ஞாபகம் இருந்தால் அந்தக் கணினியை நெட்டிலிருந்து துண்டித்துவிட்டு, வீட்டில் வேறொரு கணினியிலோ போனிலோ மீதி வேலையைச் செய்யுங்கள். அதிலேயே பாஸ்வேர்டை மாற்றினால் புதியதும் சேர்ந்து போகும். விண்டோஸில் இருக்கும் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் ஓரளவுக்கு நல்லது, ஆனால் குக்கீ திருடும் மால்வேர் என்று தெரிந்தால் நான் விண்டோஸை அழித்துவிட்டுத்தான் மறுபடி போடுவேன்.

படி 2: முதலில் மின்னஞ்சல்

ஸ்டீமைத் தொடுவதற்கு முன் அதோடு இணைந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு அடுக்குப் பாதுகாப்பையும் போடுங்கள். ஜிமெயிலில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் திறந்து பாருங்கள். ஸ்டீமிலிருந்து வரும் மெயில்களை நேராகக் குப்பைக்கு அனுப்பும் ஃபில்டரைத் திருடன் போட்டு வைத்திருந்தால் உங்களுக்கு எந்த எச்சரிக்கையும் கண்ணில் படாது.

படி 3: எல்லா இடத்திலும் வெளியேற்றுங்கள், பிறகு பாஸ்வேர்டு

ஸ்டீமின் அக்கவுண்ட் டீடெய்ல்ஸ் பக்கத்தில் ஆத்தரைஸ்டு டிவைசஸ் என்று இருக்கும். எல்லாக் கருவிகளையும் வெளியேற்றிவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். போன் கையில் இல்லாதபோது லாகின் செய்ய உதவும் பேக்கப் கோடுகளைப் புதிதாக எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் ரெக்கவரி கோடு வேறு, பேக்கப் கோடு வேறு. ரெக்கவரி கோடு இருந்தால் போனில் கோடு தரும் ஆத்தென்டிகேட்டரையே கழற்றிவிடலாம், அதனால் அதை யாருக்கும் அனுப்பக் கூடாது, போட்டோ எடுத்து கேலரியில் வைப்பதும் வேண்டாம்.

உள்ளேயே போக முடியவில்லை, மின்னஞ்சல், போன் எண் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்றால் ஹெல்ப் தளத்தில் "கணக்கு திருடப்பட்டது" என்ற வழியைத் தேர்ந்தெடுத்து டிக்கெட் போடுங்கள். அந்தக் கணக்கில் பணம் கட்டிய விவரமோ, பெட்டியில் வாங்கிய விளையாட்டின் சீரியல் கீயோ உங்களுடையது என்பதற்கு ஆதாரமாகும். பழைய பில் மெயில்களை அழிக்காமல் வைத்திருங்கள்.

படி 4: ஏபிஐ கீ

இங்கேதான் நாங்கள் வெகுநேரம் நின்றுபோனோம், பலரும் தவறவிடும் இடமும் இதுதான்.

ஸ்டீம் கணக்குக்கு வெப் ஏபிஐ கீ என்று ஒரு சாவி உண்டு. மென்பொருள் எழுதுபவர்களுக்கானது, விளையாடுபவர்களுக்கு வாழ்நாளில் தேவைப்படாது. திருடன் உள்ளே நுழைந்ததும் உங்கள் பெயரில் இதை உருவாக்கி வைத்துக்கொள்ளப் பார்ப்பான். அது இருந்தால் உங்களுக்கு வரும் போகும் ட்ரேட் ஆஃபர்களை (பொருளைக் கைமாற்றும் கோரிக்கைகளை) வெளியிலிருந்தே பார்க்கலாம், ரத்தும் செய்யலாம். பாஸ்வேர்டை மாற்றினாலும் இந்தச் சாவி பாட்டுக்கு இருக்கும்.

தம்பிக்கு நடந்தது இதுதான். மிச்சமிருந்த கத்தியை ஒரு வெளிச் சந்தையில் விற்றுவிடலாம் என்று போட்டான். அந்தச் சந்தையின் பாட் கணக்கு (தானாக இயங்கும் கணக்கு) ட்ரேட் ஆஃபர் அனுப்பியது. சில நொடிகளில் அந்த ஆஃபரைத் திருடனின் நிரல் ரத்து செய்துவிட்டு, அதே பெயர், அதே படம் வைத்த இன்னொரு கணக்கிலிருந்து அதே கத்தியைக் கேட்டு ஆஃபர் அனுப்பியது. இப்படி அனுப்புவதற்கு உங்கள் ட்ரேட் யூஆர்எல் (மற்றவர்கள் உங்களுக்கு ஆஃபர் அனுப்பும் லிங்க்) தெரிந்தாலே போதும், அதை முதல் நாளே எடுத்துவிட்டார்கள். தம்பி போனில் பார்த்தபோது எதிர்பார்த்த பெயர், எதிர்பார்த்த பொருள். கன்ஃபர்ம் செய்தான். ஸ்டீம் கார்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, ஆனால் ஆள் மாறியிருந்தது.

செய்ய வேண்டியது இதுதான். பிரவுசரில் ஸ்டீம்கம்யூனிட்டி டாட் காம் என்று நீங்களே தட்டி, அதன்பின் சாய்கோடு போட்டு டெவ், மறுபடி சாய்கோடு, ஏபிஐகீ என்று சேர்த்துத் திறங்கள். அங்கே நீண்ட எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கீ இருந்து, நீங்கள் அதை உருவாக்கவில்லை என்றால் ரிவோக் பொத்தானை அழுத்தி நீக்குங்கள். அடுத்து இன்வென்ட்டரி, ட்ரேட் ஆஃபர்ஸ் வழியாகப் போய், யார் எனக்கு ஆஃபர் அனுப்பலாம் என்ற பக்கத்தில் புது ட்ரேட் யூஆர்எல் உருவாக்குங்கள். பழையது அப்போதே செத்துவிடும். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் செய்யுங்கள், படி 3 முடியாமல் இதைச் செய்தால் உள்ளே இருப்பவன் மறுபடி பார்த்துக்கொள்வான்.

இனிமேல் எந்த ட்ரேடை கன்ஃபர்ம் செய்தாலும் பெயரையும் படத்தையும் விட்டுவிட்டு, எதிர்க் கணக்கின் ஸ்டீம் லெவலையும் அது தொடங்கிய தேதியையும் பாருங்கள். பெயரையும் படத்தையும் யார் வேண்டுமானாலும் நொடியில் மாற்றிக்கொள்ளலாம், தொடங்கிய தேதியை மாற்ற முடியாது. ஒழுங்கான சந்தைகள் தங்கள் பாட் கணக்கின் லெவலையும் தேதியையும் தங்கள் பக்கத்திலேயே காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டுத்தான் கன்ஃபர்ம்.

படி 5: போன பொருள் திரும்ப வருமா

முன்பெல்லாம் வராது. கணக்கைவிட்டு வெளியேறிய பொருளை ஸ்டீம் சப்போர்ட் திருப்பிப் போட்டுத் தருவதில்லை. 2025 ஜூலையில் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 பொருட்களுக்கு ட்ரேட் புரொடக்‌ஷன் வந்தபிறகு நிலைமை மாறியது. ட்ரேட் நடந்த 7 நாட்களுக்குள் ட்ரேட் ஹிஸ்டரி பக்கத்திலிருந்து நீங்களே அதைத் திருப்பலாம். தம்பியின் கத்தி அப்படித்தான் வந்தது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருப்ப முடியாது, அந்த 7 நாட்களில் பாதுகாப்பில் இருக்கும் ட்ரேடுகள் எல்லாமே திரும்பும், அதன்பின் 30 நாட்களுக்கு ட்ரேடும் மார்க்கெட்டும் கிடையாது. அப்படியும் செய்யலாம், தயங்க வேண்டாம். ஆனால் படி 3, 4 முடிந்தபிறகு செய்யுங்கள்.

எனக்குப் பிடித்த கருவிகள்

பாஸ்வேர்டுகளுக்கு பிட்வார்டன், இலவசப் பதிப்பே போதும். அது நல்ல காவல்காரனும்கூட. நிஜத் தளத்தில் தானாகவே பாஸ்வேர்டை நீட்டும், எம் எழுத்துக்குப் பதிலாக ஆர், என் இரண்டையும் ஒட்டி வைத்த போலி முகவரியிலோ வரைந்து வைத்த ஜன்னலிலோ வாயே திறக்காது. அது பேசாமல் இருந்தால் நீங்களும் கையால் தட்டாதீர்கள். பிரவுசரிலேயே பாஸ்வேர்டு சேமிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன், மால்வேர் முதலில் துழாவும் இடம் அதுதான். கணினியிலேயே ஆத்தென்டிகேட்டர் கோடு தரும் வெளியார் மென்பொருட்களும் வேண்டவே வேண்டாம், அவற்றின் பெயரில் போலிகள் உலவுகின்றன. போனில் இருக்கும் அதிகாரபூர்வச் செயலி போதும். போட்டு 7 நாள் ஆகாவிட்டால் ட்ரேடுகள் 15 நாள்வரை நிறுத்தி வைக்கப்படும், அந்தத் தாமதமும் உங்கள் நன்மைக்குத்தான்.

பின்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்த சிலர் ஏபிஐ கீ பக்கத்தில் டொமைன் பெயர் கேட்கிறது, என்ன போடுவது என்றார்கள். எதுவும் போடாதீர்கள். அந்தப் படிவம் வந்தால் உங்கள் கணக்கில் சாவி இல்லை என்று அர்த்தம், அப்படியே மூடிவிட்டு வாருங்கள். "ஆக்சஸ் டினைட்" என்று வந்தாலும் பயம் வேண்டாம், ஸ்டீமில் 5 டாலர் அளவுக்குக்கூடச் செலவு செய்யாத கணக்குகளுக்குச் சாவி கொடுப்பதில்லை.

இன்னொருவருக்கு நடந்தது: கணக்கு போய்விட்டது என்று இன்ஸ்டாகிராமில் எழுதினார், உடனே ஒரு "ரெக்கவரி எக்ஸ்பர்ட்" வந்து முன்பணம் கேட்டிருக்கிறார். அவர்களும் அதே தொழிலில் இருப்பவர்கள், வெளியாள் யாராலும் ஸ்டீம் கணக்கை மீட்டுத் தர முடியாது. யூபிஐயிலோ கார்டிலோ பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. சாட்டின் ஸ்கிரீன்ஷாட், பரிவர்த்தனை எண் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், திருடனை பிளாக் செய்வதற்கு முன்பே அவன் புரொஃபைல் லிங்க்கை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.