தமிழ் வாசிக்க மறுத்த பிள்ளை: எங்கள் வீட்டில் பலித்தவை

சிக்கல் ஆர்வத்தில் இல்லை, புத்தகத்தின் கடினத்தில் இருந்தது. ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தடுக்கினால் அதை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். எழுத்துக் கூட்டியே களைத்துப்போகும் பிள்ளைக்குக் கதை மனதில் நிற்காது. பிரதம் புக்ஸ் என்ற குழந்தைகள் நூல் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் நிலை 1 முதல் 4 வரை இலவசமாகக் கிடைக்கின்றன; வகுப்பைப் பார்க்காமல் ஒரு நிலை கீழிருந்தே தொடங்கினோம்.

படுக்கப்போகும் முன் 15 நிமிடம். முதலில் நான் வாசிப்பேன், விரல் வரிக்குக் கீழே நகரும். மறுமுறை ஆளுக்கொரு வரி. ‘ண’, ‘ன’ தடுமாற்றத்தை நடுவில் திருத்தினால் ஓட்டம் அறுந்துவிடும், கதை முடிந்தபின் அந்தச் சொல்லை மட்டும் சேர்ந்து சொல்லுங்கள். ஒரே கதையை மறுபடி மறுபடி கேட்டால் தயவுசெய்து மறுக்காதீர்கள், சொற்கள் கண்ணில் பதிவது அப்போதுதான்.

புத்தகங்கள் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில், அட்டை தெரியும்படி, ஏழெட்டு போதும்.