நாள் பாஸுக்கு விலை வைக்க மாதச் சந்தாவை 30-ஆல் வகுக்காதீர்கள்

கோயம்புத்தூர் பீளமேட்டில் கோவொர்க்கிங் இடம் (பலரும் இருக்கைக்குக் கட்டணம் கொடுத்து வேலை செய்யும் பொது அலுவலகம்) தொடங்கவிருக்கும் இரு நண்பர்கள் சென்ற மாதம் தங்கள் கட்டணத் தாளை என்னிடம் காட்டினார்கள். மாதச் சந்தா 7,500 ரூபாய், நாள் பாஸ் 250, பத்து நாள் பாஸ் 2,500. அந்த 250 எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. என் இடத்தைத் தொடங்கியபோது நானும் அதே கணக்கைத்தான் போட்டேன். அதற்குக் கொடுத்த விலையை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. இன்டர்நெட், நாற்காலி, காபி பற்றியெல்லாம் அறிவுரை சொல்லப் பலர் இருக்கிறார்கள் என்பதால், கட்டணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மாதக் கட்டணத்தை 30-ஆல் வகுப்பது

சனி, ஞாயிறு போக மாதத்தில் வேலை நாள்கள் ஏறத்தாழ 22தான். அத்தனை நாளும் 250 ரூபாய் கொடுத்து வருபவருக்கு ஆகும் செலவு 5,500 ரூபாய். மாதம் முழுவதும் வருவேன் என்று முன்பணம் கட்டியவரோ 7,500 ரூபாய் கொடுக்கிறார். இதைக் கவனித்த என் சந்தாதாரர்கள் சிலர் இரண்டே மாதத்தில் நாள் பாஸுக்கு மாறிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த வழியைத் திறந்து வைத்தவன் நான்தான்.

சரி, 22-ஆல் வகுத்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. வாரத்தில் சில நாள் மட்டும் வெளியே வந்து வேலை செய்பவர்கள் திங்களையும் வெள்ளியையும் வீட்டில் கழித்துவிட்டுச் செவ்வாய், புதன், வியாழனில்தான் வருகிறார்கள். அந்த மூன்று நாள்களும் சேர்ந்து மாதத்துக்கு 13தான் வரும். என்னிடம் அப்போது 40 இருக்கைகளும், பத்து நாள் பாஸ் வைத்திருந்த 12 பேரும் இருந்தார்கள். அவர்களுடைய 120 நாள்களை 22 நாள்களில் பரப்பினால் ஆறு இருக்கைகூட வேண்டாம் என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். ஆனால் அந்த 120 நாள்களும் 13 நாள்களுக்குள் வந்து குவிந்ததால் ஒன்பது இருக்கைகள் போயின. அவற்றுக்கு எனக்குக் கிடைத்த 30,000 ரூபாயைப் பங்கிட்டால் ஓர் இருக்கைக்கு 3,300 ரூபாய்தான். வாடகை, மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், சம்பளம் எல்லாம் சேர்ந்து ஓர் இருக்கைக்கு எனக்கு ஆன செலவு 5,000 ரூபாய்.

ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, எட்டு மாதமாக ஒரு நாளும் தாமதிக்காமல் சந்தா கட்டிவந்த கணக்காளர் ஒருவர் தோளில் பையுடன் கூடத்தின் நடுவில் நின்றார். அவர் வழக்கமாக உட்காரும் ஜன்னலோர மேசை உட்பட ஓர் இடமும் காலியில்லை. சாப்பாட்டு மேசையில் அவருக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. மாதம் முடிந்ததும் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்.

இப்போது நான் மாதச் சந்தாவை 13-ஆல் வகுக்கிறேன். நாள் பாஸ் 600 ரூபாய், பத்து நாள் பாஸ் 5,000. திங்களும் வெள்ளியும் வருபவருக்கு மட்டும் 350. இந்த விலையை அறிவித்தபோது அந்த 12 பேரில் ஐந்து பேர் விலகினார்கள், மூன்று பேர் மாதச் சந்தாவுக்கு வந்தார்கள், நான்கு பேர் புதிய விலையில் தொடர்ந்தார்கள். முன்பு 30,000 வந்த இடத்தில் 42,500 வந்தது. புதன்கிழமைகளில் இருக்கையும் மிஞ்சியது.

எல்லா இருக்கையும் நிரம்பும் என்று வைத்துக் கணக்கிடுவது

மொத்தச் செலவு 2 லட்சம் என்றால் அதை 40-ஆல் வகுத்து 5,000 என்று மகிழக் கூடாது. பத்தில் ஏழு இருக்கைதான் நிரம்பும் என்று கொண்டு 28-ஆல் வகுத்துப் பார்த்தால் 7,143 ரூபாய் வருகிறது. அதற்குக் கீழே மாதச் சந்தாவை வைத்தால் நஷ்டம்தான்.

ஜிஎஸ்டியைச் சொல்லாமல் விடுவது

7,500 ரூபாய் என்று சொல்லிவிட்டு, 18 சதவீத வரி சேர்த்து 8,850 ரூபாய்க்குப் பில் கொடுத்தால் முதல் நாளே நம்பிக்கை குலையும். ஜிஎஸ்டி பதிவு பெற்ற நிறுவனம் அந்த 1,350 ரூபாயை உள்ளீட்டு வரியாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து, கழித்துக்கொள்ளும். தனியாக வேலை செய்யும், பதிவு பெறாத வடிவமைப்பாளருக்கு அது முழுவதும் கைச்செலவு. ஆகவே கட்டணத் தாளில் இரு தொகையையும் அருகருகே அச்சிடுங்கள்.

வரம்பில்லா மீட்டிங் ரூம்

எந்தச் சந்தாவிலும் கொடுக்காதீர்கள்.

பயன்படுத்தாத நாள்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது

ஒரு முறை தள்ளலாம், அதுவும் திங்கள், வெள்ளிக்கு மட்டும்.