பழைய கல்வீட்டின் மேற்குச் சுவருக்கு வெளிப்புற வெப்பக்காப்பு

யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடொன்றில் இரவு ஏழு மணிக்கு மேற்குச் சுவரின் உட்புறத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெயில் தாழ்ந்த பின்னும் கல் சுடும். வெள்ளைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு ஒன்றரை அடிக் கனத்தில் எழுப்பிய சுவர், பிற்பகலில் வாங்கிய வெப்பத்தை நாம் படுக்கப் போகும் வேளையில்தான் அறைக்குள் விடுகிறது. உச்சி வெயிலை மறைக்கும் தாழ்வாரம், சரிந்து வரும் மாலை வெயிலை மறைப்பதில்லை. வெப்பத்தைத் தடுக்கும் காப்புப் பலகையைச் சுவரின் வெளிப்புறத்தில் வைத்தால் அதே கனத்த கல் இரவின் குளிர்மையைப் பிடித்துவைத்துப் பகலில் அறையைத் தணிக்கும். ஓட்டுக்குக் கீழே சீலிங் இல்லாத வீடாயின், முதற் செலவைக் கூரைக்கே செய்யுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் சுவரின் ஈரத்தை அறிந்துகொள்ள வேண்டும். பழைய அத்திவாரங்களில் ஈரத்தடுப்புப் படை பெரும்பாலும் இராது; நிலத்து ஈரம் உப்போடு கல்லில் ஏறி, சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வீட்டிலும் அப்பூச்சைக் கொத்திவிட்டுச் சீமெந்து பூசினார்கள். சில மாரிகளுக்குள் அது பொருமி, தட்டினால் வெற்றொலி கேட்டது, பெயர்த்தபோது பின்னால் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஆகவே சீமெந்துப் பூச்சு இருந்தால் அதை முழுதாக அகற்றி, ஒரு கோடை முழுவதும் சுவரைக் காயவிடுங்கள். பின்னர் ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நான்கு விளிம்பும் இறுக ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அதன் பின்புறம் நீர் துளிர்த்தால் சுவர் இன்னும் ஆயத்தமாகவில்லை.

ரெஜிபோம் என்னும் வெண்ணுரைப் பலகை மலிவானது, ஆனால் அது ஈரத்தை எளிதில் வெளியே விடாது, கறையானும் அதற்குள் வழி அமைத்துக்கொள்ளும். கல்லை உருக்கி இழையாக்கிச் செய்யும் றொக்வூல் பலகையை, 50 மில்லிமீற்றர் கனத்தில், நான் பரிந்துரைப்பேன். கரடுமுரடான கல்லைச் சுண்ணாம்புச் சாந்தால் மட்டப்படுத்தி, செங்கல் அடுக்குவது போல மூட்டு மாற்றிப் பலகைகளை ஒட்டி, சதுர மீற்றருக்கு ஆறு அகலத்தலைப் பிளாஸ்டிக் ஆணிகள் வீதம் இறுக்க வேண்டும். துளையிடும்போது டிரில்லின் சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிடுங்கள். அந்த அதிர்வைப் பழைய கல் தாங்காது. நிலத்திலிருந்து ஓர் அடி உயரத்துக்குக் காப்பு வேண்டாம்; அங்கே கறையான் ஏறினால் கண்ணில் படும், மழைத் தெறிப்பும் பலகையை நனைக்காது.

மேற்பூச்சுக்கு, நீரோடு சேர்ந்து இறுகும் ஹைட்ரோலிக் சுண்ணாம்பின் சாந்தே உகந்தது. முதற் படை ஈரமாக இருக்கும்போதே கண்ணாடியிழை வலையை அதில் அமுக்கி, ஓரங்கள் நான்கு அங்குலம் மேற்பொருந்தச் செய்யுங்கள். யன்னல் மூலைகளில் குறுக்காக இன்னொரு துண்டு வைக்காவிட்டால் அங்கிருந்தே வெடிப்பு ஓடும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று பூச்சை விரைவில் உலர்த்திப் பொடியாக்கிவிடும். நனைத்த சாக்குகளைச் சில நாட்கள் முன்னே தொங்கவிடுங்கள். முடிவில் வெள்ளைச் சுண்ணாம்பே அடியுங்கள். எமல்ஷன் சுவரின் மூச்சை அடைத்துவிடும்.

சுவர் ஏறத்தாழ இரண்டரை அங்குலம் வெளியே வளர்வதால் யன்னற் படிகளை நீட்டி, அவற்றின் அடியில் நீர் சொட்டும் வரியொன்றைக் கீற வேண்டும். ஐப்பசியில் முதற் பெருமழையின்போது குடையோடு வெளியே நின்று, தாழ்வாரத்துத் தண்ணீர் புதிய பூச்சைத் தொடாமல் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் மழை விட்டதும் கூரைத் தண்ணீரை ஏந்தும் பீலி பூட்டுங்கள்.