பில்ராத் பற்றிய செமினாரா? இப்படித் தயார் செய்யுங்கள்

வேலூரில் நர்சிங்கோ எம்பிபிஎஸ்ஸோ படிக்கிறீர்கள், "புகழ்பெற்ற சர்ஜன் ஒருவரின் வாழ்க்கை, பத்து நிமிடம்" என்று தலையில் கட்டிவிட்டார்கள், சீட்டில் தியோடர் பில்ராத் பெயர் வந்திருக்கிறது. கவலையே வேண்டாம், நல்ல ஆள்தான் மாட்டியிருக்கிறார்.

தயவுசெய்து பிறந்த தேதியில் ஆரம்பிக்காதீர்கள். 1829, ரூகன் தீவு, பெர்லினில் சர்ஜன் லாங்கன்பெக்கிடம் உதவியாளர், 1860-ல் சூரிக்கில் பேராசிரியர், 1867-ல் வியன்னா: இதெல்லாம் ஒரே ஸ்லைடு.

பேச்சை 1881 ஜனவரி 29-ல் தொடங்குங்கள். தெரேசே ஹெல்லர், 43 வயது, இரைப்பையின் கீழ்வாயில் புற்றுநோய், சாப்பிட்டது எதுவும் தங்குவதில்லை. இதே அறுவையை பிரெஞ்சு சர்ஜன் பெயான் 1879-லும் போலந்து சர்ஜன் ரீடிகியர் 1880-லும் செய்து பார்த்தார்கள், இரண்டு நோயாளிகளும் பிழைக்கவில்லை. பில்ராத் புற்றுக்கட்டி இருந்த பகுதியை வெட்டி எடுத்து, மீதி இரைப்பையை நேராக டியோடினத்தோடு (சிறுகுடலின் முதல் பகுதி) சேர்த்துத் தைத்தார். அந்தம்மா பிழைத்து வீட்டுக்குப் போனார். ஆனால் சுமார் நான்கு மாதத்தில் நோய் பரவி இறந்துபோனார், பாதிப் பேர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள், நீங்கள் கட்டாயம் சொல்லுங்கள். ஏனென்றால் பில்ராத்தே அப்படிப்பட்டவர்: சூரிக்கில் தன் கையில் இறந்தவர்களையும் சேர்த்துக் கணக்குக் காட்டி அச்சில் வெளியிட்டவர்.

அப்புறம், மேலே சொன்ன அறுவைதான் 'பில்ராத் ஒன்று'; பில்ராத் ஒன்று, இரண்டு வித்தியாசத்தை நெட்டில் எடுத்த படமாகப் போடாமல் போர்டில் நீங்களே வரையுங்கள். இரண்டாவதில் (1885) டியோடினத்தின் முனையை மூடிவிட்டு, இரைப்பையை ஜெஜுனத்தோடு (சிறுகுடலின் அடுத்த பகுதி) இணைப்பார்கள். கேள்வி வருவதே இங்கேதான்.

நர்சிங் மாணவிகள், 1882-ல் அவர் முயற்சியில் தொடங்கிய ருடால்ஃபினர்ஹவுஸ் செவிலியர் பள்ளிக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். பில்ராத் வயலின் மாதிரியான வயோலா வாசிப்பார், இசையமைப்பாளர் பிராம்ஸின் நெருங்கிய நண்பர், பிராம்ஸ் இரண்டு நால்வர் இசைப் படைப்புகளை அவருக்கு அர்ப்பணித்தார். இது ஒரு வரி போதும், இசைக் கச்சேரி ஆக்கிவிடாதீர்கள்.

கசப்பான பக்கமும் உண்டு. மருத்துவக் கல்வி பற்றி 1876-ல் எழுதிய புத்தகத்தில் யூத மாணவர்களை மட்டமாக எழுதினார், பின்னாளில் யூத வெறுப்பை எதிர்த்த சங்கத்தில் சேர்ந்தார். இரண்டையும் சொல்லுங்கள், சாக்குப்போக்கு வேண்டாம்.

"வேலூருக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?" என்று யாராவது கேட்டால் இழுத்துப்பிடித்து முடிச்சுப் போடாதீர்கள். தொழுநோயாளிகளின் கைகளை அறுவை செய்து சீராக்கிய பால் பிராண்ட் நம்மூர் சிஎம்சியில் வேலை பார்த்தவர், அது தனி செமினார். "ஜெர்மன்காரரா, ஆஸ்திரியாக்காரரா?" என்றால், பிறந்தது அன்றைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவில், 1867 முதல் 1894-ல் இறக்கும்வரை பேராசிரியர் வேலை வியன்னாவில் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.