அரசுப் படகு ஆர்டரில் சிறு நிறுவனங்களுக்கு வேலை பிரிப்பது எப்படி

டெண்டர் கிடைத்து, கையெழுத்தும் ஆன பிறகு "சிறு நிறுவனங்களுக்கு 25% காட்ட வேண்டுமாம், யாரைப் பிடிக்கலாம்?" என்று தேட ஆரம்பிக்கும் யார்டுகள் (படகு கட்டும் தளங்கள்) நிறைய. அதற்குள் விலை முடிவாகியிருக்கும், டெலிவரி தேதி ஓட ஆரம்பித்திருக்கும். கையில் மிச்சம் இருப்பது பெயின்ட் அடிக்கும் வேலையும் கைப்பிடிக் கம்பிகளும்தான். எந்த வேலையை வெளியே கொடுப்பது, அதை யார் எங்கே சோதிப்பது, எந்த நாளில் பணம் கொடுப்பது என்ற மூன்றையும் டெண்டர் விலை போடும்போதே எழுதிவிட வேண்டும். சதவீதக் கணக்கு அதற்குப் பின்னால் வரட்டும்.

கணக்குக்கு ஓர் ஆர்டரை வைத்துக்கொள்வோம்: 12 மீட்டர் நீளம், எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த பிளாஸ்டிக்) உடல், இரட்டை டீசல் எஞ்சின், ஷாஃப்ட்-புரொப்பெல்லர் கொண்ட ரோந்துப் படகுகள் பத்து. மொத்த மதிப்பு ₹40 கோடி.

25% யாருடைய கணக்கு?

2012-ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் கொள்கை ஆணைப்படி மத்திய அமைச்சகங்களும் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25% குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4% பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு, 3% பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு. இந்த இலக்கு ஆண்டு மொத்தத்துக்கானது, ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தனித்தனியாக அல்ல. பெரிய நிறுவனம் சிறு நிறுவனங்களுக்குத் தரும் துணை ஒப்பந்தமும் வாங்குபவரின் கணக்கில் சேரும் என்று ஆணையே சொல்கிறது. பொதுத்துறை யார்டு உங்களிடம் பட்டியல் கேட்பது இதனால்தான். நீங்கள் தனியார் யார்டு என்றால், டெண்டரில் தனியாக எழுதியிருந்தால் மட்டுமே அந்த எண் உங்களைக் கட்டும். ஆகவே முதலில் டெண்டர் ஆவணத்தில் அந்த ஷரத்தைத் தேடுங்கள். எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் துணை ஒப்பந்தம் கூடாது என்ற ஷரத்தும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும்.

இனி ₹40 கோடியைப் பிரியுங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், ரேடார், ரேடியோ போன்ற, வாங்குபவர் பெயர் சொல்லிக் கேட்கும் சாதனங்களுக்கு ₹22 கோடி என்று வையுங்கள். யார்டின் சொந்தக் கூலி, மேல்செலவு, லாபம் ₹8 கோடி. மீதி ₹10 கோடி, அதாவது சரியாக 25%. அதில் ஒவ்வொரு ரூபாயும் சிறு நிறுவனத்துக்கே போனால்தான் அந்த எண்ணைத் தொட முடியும். நடைமுறையில் 12 முதல் 15 சதவீதத்தை ஒழுங்காகக் காட்டுவது, 25% எழுதிக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு காலாண்டும் விளக்கக் கடிதம் எழுதுவதைவிட மேல்.

எதைச் சேர்க்கலாம் என்பதிலும் கவனம் வேண்டும். உற்பத்தி செய்பவரும் சேவை தருபவரும் மட்டுமே கணக்கில் வருவார்கள். வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் எண் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்தாலும் இந்தக் கொள்கையின் சலுகை கிடையாது. நடுத்தர நிறுவனமும் சேராது. உள்நாட்டுப் பங்கு (மதிப்பில் இந்தியாவில் உருவான பகுதி) கணக்கிலும் இதே பொறி உண்டு: இறக்குமதியான ரேடாரைச் சென்னை டீலரிடம் வாங்கினால் அது உள்நாட்டுப் பொருளாகிவிடாது. ₹10 கோடிக்கு மேற்பட்ட கொள்முதலில் உள்நாட்டுப் பங்குக்கு ஆடிட்டர் சான்று வேண்டும். தவறான எண் அங்கே அம்பலமாகும்.

உத்யம் சான்றிதழை வாங்கிக் கோப்பில் போட்டால் போதாது. இணையத்தில் எண்ணைச் சரிபாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவனத்தின் வரம்பு ₹25 கோடி முதலீடு, ₹100 கோடி விற்றுமுதல். குறு நிறுவனத்துக்கு ₹2.5 கோடி, ₹10 கோடி. பதிவுத் தேதி உங்கள் ஆர்டர் தேதிக்கு முந்தியதா, தொழில் குறியீட்டில் உற்பத்தி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பெண் அல்லது பட்டியல் சாதி உரிமை என்று காட்டுவதானால், கூட்டாண்மையில் குறைந்தது 51% பங்கு அவர்களிடம் இருக்க வேண்டும்.

வேலையைத் துண்டு போடுதல்

பட்டறைக்கு எது வசதி என்று பார்த்துப் பிரிக்காதீர்கள். எந்தத் துண்டைத் தனியாகச் சோதித்து முடித்துக் கையெழுத்து வாங்க முடியும் என்று பாருங்கள். கேபின் மோல்டிங், எரிபொருள் டேங்க், ஷாஃப்ட்-புரொப்பெல்லர் செட், ஸ்விட்ச்போர்டு, ரெயிலிங், இருக்கைகள், ஃபெண்டர், ஹேட்ச் ஆகியவை வெளியே போகத் தகுந்தவை. ஹல் (படகின் உடல்) லேமினேஷன், ஹல்-டெக் இணைப்பு, எஞ்சினையும் ஷாஃப்டையும் நேர்ப்படுத்தும் அலைன்மென்ட் மூன்றும் யார்டுக்குள்ளேயே இருக்கட்டும். இவற்றில் தவறு நடந்தால் அது கடல் சோதனையில்தான் தெரியும். அப்போது யார் மேல் பழி என்று பிரிக்க முடியாது.

ஷாஃப்டையும் புரொப்பெல்லரையும் இரண்டு பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது வழக்கமான சறுக்கல். வரைபடத்தில் டேப்பர் (கூம்பு போலக் குறுகும் சரிவு) என்று மட்டும் போட்டிருக்கும். ஒருவர் ஐ.எஸ்.ஓ. முறையில் 1:10 கடைவார், மற்றவர் அமெரிக்கப் பழக்கத்தில் 1:16 துளைப்பார். இரண்டும் ஒரே அளவில் இருந்தாலும்கூட லேத்தின் சிறு கோண வித்தியாசத்தால் போஸின் (புரொப்பெல்லரின் துளையுள்ள நடுப்பகுதி) பெரிய முனையில் மட்டும் உட்கார்ந்து சிறிய முனை காற்றில் நிற்கும். நட்டை இறுக்கினால் உட்கார்ந்தது போலத் தோன்றும். சில நூறு மணி நேரம் ஓடிய பிறகு சாவிப் பள்ளத்தின் (இரண்டையும் பூட்டும் சாவிக்கட்டை உட்காரும் பள்ளம்) மூலையில் விரிசல் தொடங்கும். தீர்வு எளிது: இரண்டையும் ஒரே பட்டறைக்குக் கொடுங்கள். முடியாவிட்டால் ஒரு பிளக் கேஜ், ஒரு ரிங் கேஜ் (துளையையும் ஷாஃப்டையும் சரிபார்க்கும் மாதிரி அளவிகள்) செய்து இருவருக்கும் அனுப்புங்கள். ஏற்பதற்கு முன் நீல மை தடவி எவ்வளவு பரப்பு தொடுகிறது என்று ப்ளூ மேட்சிங் பார்ப்பது, சாவி இல்லாமல் ஒரு முறை, சாவியோடு ஒரு முறை என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். தொடுபரப்பு எத்தனை சதவீதம் வேண்டும் என்ற எண்ணும் அங்கேயே இருக்கட்டும்.

துண்டுகளுக்கு நடுவே விழும் சில்லறைப் பொருள்கள்தான் யார்டைத் தூங்கவிடாது. கேபிள் கிளாண்டு (கேபிள் நுழையும் இடத்தை இறுக்கி அடைக்கும் பாகம்) யார் வாங்குவது? பல்க்ஹெட்டில் (படகின் உள் தடுப்புச் சுவர்) ஓட்டை யார் போடுவது? பம்பின் ஃபவுண்டேஷன் போல்ட், குழாயின் எதிர் ஃபிளாஞ்ச், கேஸ்கெட் யார் பொறுப்பு? ஒவ்வொரு இரண்டு துண்டுகளுக்கும் இடையே ஒரு வரி வீதம் பட்டியல் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு பெயர் எழுதுங்கள். "இருவரும்" என்று எழுதினால் யாரும் வாங்க மாட்டார்கள்.

எடையையும் ஆர்டரில் எழுதுங்கள். எஃப்.ஆர்.பி. பட்டறைக்காரர் பயத்தில் ஒரு அடுக்கு கூடுதலாகப் போடுவார், வலுவாக இருக்கட்டும் என்று. கேபின் கூரையில் கூடும் 100 கிலோ வேகத்தையும் தின்னும், நிலைத்தன்மைக் கணக்கையும் கெடுக்கும். ஒப்பந்த வேகம் வராவிட்டால் அபராதம் உங்களுக்கு. இலக்கு எடை, மேல் வரம்பு (3% போதும்), ஒவ்வொரு துண்டோடும் எடைச் சீட்டு.

பொருளை நீங்கள் கொடுப்பதா, அவர் வாங்குவதா?

அலுமினியத் தகடு, ரெசின், கண்ணாடி இழை, கடல்தரக் கேபிள் ஆகியவற்றை யார்டே வாங்கிக் கொடுப்பது நல்லது. காரணம் விலை மட்டுமல்ல. கிளாஸ் அமைப்பு (கப்பல், படகுகளின் தரத்துக்குச் சான்று தரும் அமைப்பு) வெளி ஆய்வாளரும் கையெழுத்திட்ட 3.2 வகைச் சான்று கேட்கும்போது, பட்டறைக்காரர் கடையில் வாங்கிய தகட்டுக்கு ஆலையின் 3.1 சான்றுதான் இருக்கும், சில வேளை அதுவும் ஜெராக்ஸ். டேங்கை வெல்டிங் முடித்த பிறகு அதை மாற்ற வழியில்லை. மின் வேலைக்காரர் வீட்டு வயரிங் ஒயரைக் கொண்டுவந்து ஓட்டுவதும் இப்படித்தான் நடக்கும். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியா என்று ஒரு முனையைச் சீவிப் பார்த்தாலே தெரியும்.

கொடுக்கும் அளவை எடை போட்டுக் கொடுங்கள். ஒரு கேபினுக்கு சாப்டு ஸ்ட்ராண்டு மேட் (துண்டு இழைகளாலான விரிப்பு) 100 கிலோ, வோவன் ரோவிங் (நெய்த இழைத் துணி) 80 கிலோ என்றால், மேட்டுக்கு சுமார் 2.25 மடங்கு ரெசின், ரோவிங்குக்குச் சம எடை. 225-உம் 80-உம் சேர்ந்து 305 கிலோ. 5 முதல் 10 சதவீதம் விரயம் சேர்த்து 320 முதல் 335 கிலோ. 1.5% அளவில் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் ரசாயனம்) சுமார் 5 கிலோ. இதற்கு மேல் கேட்டால், ஒன்று இழை சரியாக உருட்டப்படாமல் ரெசின் தேங்குகிறது, அல்லது ரெசின் வேறு எங்கோ போகிறது. டிரம்மின் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் சலானில் இருக்கட்டும். கேட்டலிஸ்டையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஒரே அலமாரியில் வைக்க விடாதீர்கள். இரண்டும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும்.

பொருளும் மோல்டும் ஜாப் ஒர்க் (உங்கள் பொருளில் வெளியார் செய்யும் வேலை) சலானில் போகும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆவது பிரிவுப்படி பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி, வட்டி வரும். மோல்டு, டை, ஜிக், ஃபிக்ஸருக்கு இந்தக் காலக்கெடு கிடையாது. ஆனாலும் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பியதைக் காட்டும் ஐ.டி.சி.-04 ஜி.எஸ்.டி. படிவத்தில் காட்ட மறக்காதீர்கள். இன்னொன்று: ரோந்துப் படகு ஜி.எஸ்.டி. பொருள் பட்டியலின் 8906 தலைப்பில் வரும், அதன் பாகங்களுக்கு வரி 5%. பழக்கத்தில் 18% பில் போடுவார்கள். பாகம் எந்தப் படகுக்கு என்று ஆர்டரில் எழுதி, ஆடிட்டரிடம் காட்டிவிட்டு விலை பேசுங்கள்.

சோதனை

ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பக்கத் தரத் திட்டம் போதும்: எந்தக் கட்டத்தில் நிறுத்த வேண்டும், யார் வர வேண்டும், எத்தனை நாள் முன்னறிவிப்பு. வாங்குபவரின் ஆய்வாளரும் கிளாஸ் சர்வேயரும் சேர்ந்து வர வேண்டிய கட்டங்களைக் குறைவாக வையுங்கள். ஆறு ஊர்களில் ஆறு பட்டறை என்றால் சர்வேயர் வரவுக்காகவே அட்டவணை நழுவும். விலை சற்றுக் கூடினாலும் ஒரே தொழிற்பேட்டையில் மூன்று பட்டறைகளைத் தேர்ந்தெடுப்பது லாபம். முதல் படகின் துண்டுகள் முழுச் சோதனை முடிந்து தேறும்வரை இரண்டாவதற்கு வெட்ட ஆரம்பிக்கக் கூடாது. அவசரப்பட்டு பத்து டேங்க்கையும் ஒன்றாகச் செய்து, பத்திலும் ஒரே இடத்தில் பேஃபிள் (டேங்கின் உள் தடுப்புத் தகடு) தவறியிருந்தால் என்ன செய்வீர்கள்?

பணம்

எம்.எஸ்.எம்.இ.டி. சட்டத்தின் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம்) 15-ஆவது பிரிவு: குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்தில் என்ன போட்டிருந்தாலும், பணம் கொடுப்பது பொருளை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. விகிதம் 6% என்று வைத்தால் 18%. அந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. வருமான வரிச் சட்டப்படி, கெடு தாண்டிய பில் தொகையையே பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்க முடியும். மார்ச் மாத பில்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். "வாங்குபவர் எங்களுக்குக் கொடுத்த பிறகு" என்ற ஷரத்து இந்தச் சட்டத்தின் முன் நிற்காது.

ஏற்ற நாள் என்பதிலும் ஒரு நுணுக்கம். பொருள் வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்த நாளே ஏற்ற நாளாகிவிடும். யார்டுகளில் கேபின் வந்து தார்ப்பாய் போட்டு மூன்று வாரம் கிடக்கும். திறந்து பார்க்கும்போது ஜெல்கோட்டில் (வெளிப்புற ரெசின் பூச்சு) கொப்புளம். தொலைபேசியில் திட்டினால் பயனில்லை, கடிதமோ மின்னஞ்சலோ வேண்டும். வந்த மூன்றாம் நாள் சோதனை என்று ஸ்டோருக்கு விதி வையுங்கள்.

உங்களுக்கு வரும் பணமோ கட்டம் கட்டமாக, கீல் (கட்டுமானத் தொடக்கம்), லாஞ்ச் (நீரில் இறக்குதல்), டெலிவரி என்று வரும். ஆகவே துண்டுகளின் டெலிவரி தேதியை உங்கள் கட்டத் தேதிக்கு முன்னால் 30 நாளுக்குள் விழுமாறு வையுங்கள். ஷாஃப்டை ஆறு மாதம் முன்பே வாங்கி வைப்பது பாதுகாப்பு போலத் தெரியும், பணம் முடங்கும். விற்றுமுதல் ₹250 கோடியைத் தாண்டிய கம்பெனிகளுக்கு ட்ரெட்ஸ் தளத்தில் (சிறு நிறுவனங்களின் பில்லுக்கு வங்கிகள் முன்கூட்டியே பணம் தரும் இணையத் தளம்) பதிவு கட்டாயம். சிறிய யார்டும் சேரலாம். பில்லை அங்கே ஏற்றினால் பட்டறைக்காரருக்கு உடனே பணம், உங்களுக்கு அவகாசம்.

தாமத அபராதத்தை அப்படியே கீழே தள்ளாதீர்கள். ₹4 கோடிப் படகின் வாராந்தர அபராதத்தை ₹6 லட்சம் ரெயிலிங் செய்பவர் தலையில் கட்டினால், நல்ல பட்டறை விலையே தராது. அவருடைய ஆர்டர் மதிப்பின் மீது மட்டும், ஓர் உச்ச வரம்போடு போடுங்கள். வங்கி உத்தரவாதம் கேட்பதற்குப் பதில் 5% தொகையைச் சோதனை முடியும்வரை நிறுத்தலாம் என்று தோன்றும். அதுவும் 45 நாள் கணக்கில் மாட்டும், எனவே இன்ஸ்டாலேஷன், டிரையல் உதவி ஆகியவற்றைத் தனி விலையில் தனி ஆர்டராக எழுதுங்கள்.

உத்தரவாத இடைவெளி

படகுக்கு நீங்கள் தரும் 12 மாத உத்தரவாதம், படகை ஏற்ற நாளில் தொடங்கும். பம்ப் செய்தவரின் 12 மாதம், அவர் பில் தேதியில் தொடங்கும். எட்டாவது படகின் பம்ப் முதல் தவணையிலேயே வந்திருந்தால், படகு கடலுக்குப் போகும் முன்பே அதன் உத்தரவாதம் தீர்ந்துவிடும். "படகை ஏற்றதிலிருந்து 12 மாதம், அல்லது சப்ளை தேதியிலிருந்து 30 மாதம், எது முந்தியோ அது" என்று பேசி வாங்குங்கள். படகு எந்தக் கடலோர நிலையத்துக்குப் போகிறது, பழுது என்றால் அங்கே எத்தனை நாளில் ஆள் வருவார், ரயில் செலவு யாருடையது என்பதையும் அதே வரியில் முடியுங்கள். 30 மாதத்துக்கு யாரும் சம்மதிக்காத பொருளை, கடைசி நான்கு படகுகளுக்குத் தனித் தவணையாகப் பிரித்து ஆர்டர் போடுங்கள்.