மைனஸ் 20 டிகிரியில மெஷின் வேலை பாக்கணும்னா முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பிக்கணும்

திருச்செங்கோடு பக்கம் போர் போடுற ரிக் வண்டியில கை பழகி, அப்புறம் பொக்லைன், ஹிட்டாச்சின்னு மண் தோண்டுற மெஷினுக்கு மாறி, லடாக்ல ரோடு வேலைக்குப் போற பசங்க அங்கிருந்து போன் பண்ணா பெரும்பாலும் இதைத்தான் கேக்குறாங்க, "அண்ணே காலைல வண்டி எடுக்கவே மாட்டேங்குது, என்ன பண்றது?" நானும் லே, கார்கில், டிராஸ்னு நாலு குளிர்காலம் மெக்கானிக்கா இருந்தவன், அதனால சொல்றேன், காலைல வண்டி எடுக்குமா எடுக்காதாங்கறது முந்தின நாள் சாயங்காலம் நீங்க வண்டியை எப்படி நிறுத்துறீங்கங்கறதுலயே முடிவாகிடுது. காலைல போய் பண்ற வேலையில பாதி வீண் வேலை.

சரி, சாயங்காலத்துல இருந்தே வருவோம். வேலை முடிஞ்ச உடனே இஞ்சினை அணைக்காதீங்க, அஞ்சு நிமிஷம் ஐடில்ல விடுங்க, டர்போ ஆறட்டும். அந்த நேரத்துல ஹெல்பரை ஒரு கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துட்டு வரச்சொல்லி செயினை சுத்தம் பண்ணுங்க. இதை மட்டும் சோம்பேறித்தனமா விட்டுடாதீங்கப்பா, ரோலருக்கும் பிரேமுக்கும் நடுவுல, ஸ்ப்ராக்கெட் பல்லுல ஒட்டியிருக்கிற சேறு சாயங்காலம் கையால நோண்டினாலே வரும், அதே சேறு காலைல கான்கிரீட் மாதிரி இறுகி நிக்கும், அதோட வண்டியை நகத்தினா ரோலர் சீல் போகும், சில நேரம் செயினே கழண்டுரும். சுத்தம் பண்ணின பிறகு வெறும் தரையில நிறுத்தாம பழைய மரப்பலகை மேல ஏத்தி நிறுத்துங்க, ஈர மண்ணுல நிறுத்தினா ஷூ, அதாவது செயினோட இரும்புத் தகடு, தரையோட ஒட்டிக்கும். அப்படி ஒட்டிக்கிச்சுன்னா முன்னாடி பின்னாடி இழுத்து உதற வேண்டாம், ஹைட்ராலிக் சூடான பிறகு மேல்பாகத்தை பக்கவாட்டுல திருப்பி, பக்கெட்டை தரையில ஊனி அந்தப் பக்கத்து செயினை மெதுவா தூக்கி, அந்தரத்துல மெல்ல சுத்தி விடுங்க, அப்புறம் அடுத்த பக்கம்.

டீசல் டேங்கை ராத்திரியே முழுசா நிரப்பிடணும். பாதி டேங்க்னா மேல இருக்கிற காத்துல உள்ள ஈரம் உள்பக்கம் வேர்த்து தண்ணியா இறங்கும், அந்தத் தண்ணி லைன்ல போய் ஐஸ் ஆகி அடைச்சிடும். டீசல்ல இருந்து தண்ணியைப் பிரிக்கிற வாட்டர் செப்பரேட்டரை அப்பவே திறந்து வடிச்சிடுங்க, டிப்பர்னா பிரேக்குக்கான ஏர் டேங்க்கையும். இதெல்லாம் சூடா இருக்கும்போது ரெண்டு நிமிஷ வேலை, காலைல அந்த வடிக்கிற காக்கு திரும்பவே திரும்பாது.

அடுத்தது டீசல். டீசல்ல மெழுகு இருக்கு, குளிர் ஏற ஏற அது முதல்ல கலங்கும், அப்புறம் ஃபில்டர்ல அடையும், கடைசியில கூழ் மாதிரி ஆயிடும். இந்தப் பிரச்சினைக்குத்தான் 2019ல இந்தியன் ஆயில் லடாக்குக்குன்னு தனியா குளிர்கால டீசல் கொண்டு வந்துச்சு, அது மைனஸ் 33 டிகிரி வரைக்கும் ஓடக்கூடியது. கீழ இருந்து வந்த டேங்கர்ல, டிரம்ல என்ன டீசல் இருக்குன்னு கேக்காம ஊத்தாதீங்க, அக்டோபர்ல மிச்சமான சாதா டீசல் டிரம் ஒண்ணு மூலையில கிடக்கும், யாராவது அதை எடுத்து ஊத்திட்டு போயிடுவாங்க. மண்ணெண்ணெய் கலக்கலாமான்னு கேப்பீங்க. பழைய மெஷின்ல எல்லாரும் கலந்துதான் ஓட்டினாங்க, ஆனா மண்ணெண்ணெய்க்கு வழவழப்பு கிடையாது, இப்ப வர்ற காமன் ரெயில் (ரொம்ப அதிக பிரஷர்ல டீசலை அடிக்கிற சிஸ்டம்) பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் டீசலோட வழவழப்புலயே ஓடுறது, தேஞ்சு போனா செலவு லட்சத்துல. மேனுவல்ல அனுமதி இல்லைன்னா கலக்காதீங்க. ஆன்ட்டி ஜெல் மருந்தும் டீசல் கலங்குறதுக்கு முன்னாடி ஊத்தினாத்தான் வேலை செய்யும், கூழான பிறகு ஃபில்டரை மாத்தி, டேங்க்கை சூடாக்கி, லைன்ல புகுந்த ஏரை எடுக்கிறதைத் தவிர வழியில்ல. ஒரு புது ஃபில்டரை எப்பவும் ரூமுக்குள்ள சூடா வச்சிருங்க.

பேட்டரியை கழட்டி ராத்திரி ரூமுக்குள்ள கொண்டு போயிடுங்க, பாரம்தான், ஆனா இதைவிட பலன் தர்ற வேலை வேற இல்ல. மைனஸ் 18ல பேட்டரிக்கு பாதி சக்தி கூட இருக்காது, அதே நேரம் இஞ்சின் ஆயில் தேன் மாதிரி கெட்டியாகி செல்ஃப் மோட்டாருக்கு ரெண்டு மடங்கு பாரம் கொடுக்கும். முழு சார்ஜ்ல இருக்கிற பேட்டரி மைனஸ் 50லயும் உறையாது, இறங்கின பேட்டரி மைனஸ் 10லயே உறைஞ்சிடும். பக்கவாட்டுல உப்பியிருந்தா அது உறைஞ்ச பேட்டரி, அதுக்கு சார்ஜ் போடவோ ஜம்ப் கொடுக்கவோ கூடாது, வெடிக்கும். ஜம்ப் கொடுக்கும்போது 24 வோல்ட் மெஷினுக்கு 24 வோல்ட் வண்டியில இருந்துதான் கொடுக்கணும், கடைசி கிளாம்ப்பை பேட்டரியில போடாம தள்ளி சேஸிஸ்ல போடுங்க.

இஞ்சின் ஆயில் நம்ம ஊர்ல ஊத்துற 15டபிள்யூ-40 அங்க ஆகாது, மேனுவல்ல குளிர் அட்டவணை பாத்து குளிர்ல அவ்வளவா கெட்டியாகாத 5டபிள்யூ-40 மாதிரி மாத்திடுங்க, ஹைட்ராலிக் ஆயிலும் அப்படித்தான். கூலன்ட்டை கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க, எவ்வளவு குளிர் தாங்கும்னு காட்டுற ரிஃப்ராக்டோமீட்டர்ல ஒரு சொட்டு வச்சு பாருங்க. பாதி கூலன்ட் பாதி தண்ணின்னா மைனஸ் 37 வரைக்கும் தாங்கும். நிறைய ஊத்தினா நிறைய தாங்கும்னு நினைச்சு ஒரு ஆபரேட்டர் தனி கூலன்ட்டாவே ஊத்தி வச்சிருந்தார், தண்ணி கலக்காத கூலன்ட் மைனஸ் 13லயே கெட்டியாக ஆரம்பிச்சிடும், நல்லவேளை சாயங்காலமே பாத்துட்டோம். பிஎஸ்6 டிப்பர்ல புகையை சுத்தம் பண்ண தனி டேங்க்ல ஊத்துற யூரியா கரைசல் மைனஸ் 11ல உறையும், அதுக்கு பயப்பட வேண்டாம், ஓட ஓட அதுவே உருகிக்கும், டேங்க்கை மட்டும் விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க, உறையும்போது விரியும்.

ஷெட்டும் இல்ல, இஞ்சினை சூடா வச்சிருக்கிற பிளாக் ஹீட்டருக்கு கரன்ட்டும் இல்லன்னா பழைய ஆளுங்க செஞ்ச ஒரு வழி இருக்கு. சாயங்காலம் இஞ்சின் சூடா இருக்கும்போதே ஆயிலை சுத்தமான கேன்ல இறக்கி, மூடி போட்டு ரூமுக்குள்ள புகாரி அடுப்புக்கு கொஞ்சம் தள்ளி வச்சிட்டு, காலைல அதை ஊத்தி உடனே ஸ்டார்ட் பண்றது. ஆயில் இல்லைன்னு ஒரு அட்டையில எழுதி ஸ்டியரிங்ல கட்டாயம் கட்டிடுங்க. இஞ்சின் அடியில ஆயில் நிக்கிற சம்ப்புக்கு அடியில தீ மூட்டுறது மட்டும் வேண்டாம்ப்பா, எல்லாரும் பண்றாங்கன்னு நீங்களும் பண்ணாதீங்க, கசிஞ்ச டீசலும் கிரீஸும் ஒயரும் அங்கதான் இருக்கு. தார்பாயை தரை வரைக்கும் தொங்கவிட்டு, ஹாட் ஏர் புளோவர் குழாயை அடியில விட்டு ஒரு மணி நேரம் ஓட்டினா போதும், பக்கத்துலயே ஒருத்தர் நிக்கணும்.

ஸ்டார்ட் பண்ணும்போது 30 செகண்டுக்கு மேல செல்ஃபை பிடிக்காதீங்க, ரெண்டு நிமிஷம் விட்டு அடுத்த தடவை. ஹீட்டர் பிளக் இருக்கிற இஞ்சின்ல சீக்கிரம் ஸ்டார்ட் ஆக அடிக்கிற ஈதர் ஸ்ப்ரே அடிச்சா உள்ளயே வெடிச்சு பிஸ்டன் போகும். ஸ்டார்ட் ஆனதும் ஹைட்ராலிக்கை உடனே இழுக்காம, சிலிண்டரை முதல்ல கொஞ்சமா, அப்புறம் பாதி, அப்புறம் முழுசான்னு நீட்டி மடக்குங்க, மைனஸ் 20ல இதுக்கு அரை மணி நேரம் ஆனாலும் பரவால்ல. குளிர்ல ஓ-ரிங், ஹோஸ் எல்லாம் விறைச்சுப் போயிருக்கும், இரும்பும் அப்படித்தான், சம்மட்டியால பின்னை நேரா அடிச்சா சில்லு தெறிக்கும், நடுவுல பித்தளை வச்சு அடிங்க, கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கங்க.

இப்ப உங்க கை. டிராஸ்ல முதல் வருஷம் டீசல் ஃபில்டர் மாத்தும்போது நூல் கிளவுஸ் போட்டிருந்தேன், டீசல் வழிஞ்சு கிளவுஸ் ஊறிடுச்சு, வேலையை முடிச்சிடலாம்னு பத்து நிமிஷம் அப்படியே நின்னுட்டேன். முதல்ல எரிஞ்சுது, அப்புறம் எரிச்சல் நின்னுடுச்சு, நான் சரியாயிடுச்சுன்னு நினைச்சேன். கழட்டிப் பாத்தா வலது கை மூணு விரல் நுனி மெழுகு மாதிரி வெள்ளையா இருந்துச்சு, தொட்டா உணர்ச்சியே இல்ல. டீசல் கூழாகாத வரைக்கும் அந்தக் குளிர்லயும் உறையாம திரவமாவே இருக்கும், அதோட குளிர் பூரா தோலுக்குள்ள இறங்கும். விரல் பிழைச்சுது, தோல் உரிஞ்சு வர மூணு வாரம் ஆச்சு. அதனால உள்ள கம்பளி, வெளிய நைட்ரைல் கிளவுஸ், பாக்கெட்ல இன்னொரு ஜோடி காய்ஞ்சது. விரல் வெளுத்தா தேய்க்காதீங்க, அடுப்புல காட்டாதீங்க, உணர்ச்சி இல்லாத கை சுடுறதே தெரியாது, அக்குள்ல வச்சு சூடாக்குங்க, உணர்ச்சி திரும்பலன்னா நேரா டாக்டர்கிட்ட. லே 3,500 மீட்டர் உயரம், போன முதல் ரெண்டு மூணு நாள் ஸ்பேனரே தொடாதீங்க, தலைவலி, வாந்தின்னா மறைக்காம சொல்லுங்க.

ஹீட்டர் போட்ட ஷெட் கிடைச்சா பாக்கியம்தான், ஆனா அங்கயும் ரெண்டு விஷயம். இஞ்சினை உள்ள ஓட்டினா சைலன்சர்ல குழாய் மாட்டி புகையை வெளிய விடணும், கதவு லேசா திறந்திருக்கணும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ராத்திரி புகாரி எரியுற ரூமுக்கும் இதே கதைதான். இன்னொண்ணு, வெளிய இருந்து வந்த மெஷின் மேல பனி உருகி எல்லா இடத்துலயும் தண்ணி இறங்கும், இரும்பு முழுக்க வேர்க்கும், ஒரு ராத்திரி காய விட்டுட்டு மறுநாள் திறங்க, இல்லைன்னா அந்தத் தண்ணி கியர்பாக்ஸுக்குள்ள போகும். வேலை முடிஞ்சு வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி பிரேக், லிங்கேஜ், கதவு லாக் எல்லாத்தையும் ஏர் அடிச்சு காயவைங்க.

வெளிய வேலைன்னா வண்டிக்கு அடியில ஆரஞ்சு கலர் தார்பாய் ஒண்ணு விரிச்சிக்கங்க. பனியில விழுந்த சர்க்லிப் மாதிரி சின்ன வளையம் ஏப்ரல் வரைக்கும் கிடைக்காது.