பழைய பிக்கப்பில் ஸ்டீயரிங் வீல் மாற்றுவது எப்படி?

மதுரை வெயிலில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய பிக்கப்பின் ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பாருங்கள். மேல்தோல் உரிந்து கையில் பிசுபிசுவென்று ஒட்டும், இல்லையென்றால் வெடித்து உள்ளே கம்பி தெரியும். விடியற்காலையில் மாட்டுத்தாவணியில் லோடு இறக்கிவிட்டு, மத்தியானம் வரை வெட்டவெளியில் நிற்கிற வண்டிக்கு இது சகஜம். பிசுபிசுப்பு மட்டும்தான் என்றால் நல்ல கவர் ஒன்றை இழுத்துத் தைத்துப் போடுங்கள், போதும். வளையம் கோணியிருந்தாலோ, நடு ஹப்பில் விரிசல் விட்டிருந்தாலோ, ஹப்பின் உள்ளே ஷாஃப்ட்டைக் கவ்விப் பிடிக்கிற உள்பல் தேய்ந்து வீல் ஆடினாலோ மாற்றித்தான் ஆக வேண்டும்.

கை வைப்பதற்கு முன்னால் ஹாரன் பேடைப் பாருங்கள். அதில் எஸ்ஆர்எஸ் என்றோ ஏர்பேக் என்றோ எழுதியிருந்தால் இந்த வேலையை வீட்டில் செய்யவே கூடாது. உள்ளே வெடித்து விரிகிற பொருள் இருக்கிறது. பயிற்சி உள்ளவரிடம் விட்டுவிடுங்கள். கீழே சொல்வதெல்லாம் ஏர்பேக் இல்லாத பழைய வண்டிகளுக்குத்தான்.

புது வீல் வாங்கும்போது வண்டி பெயரும் வருடமும் சொன்னால் மட்டும் போதாது. ஒரே மாடலிலேயே பவர் ஸ்டீயரிங் உள்ளதற்கும் இல்லாததற்கும் வீல் வேறாக இருக்கலாம். பழையதைக் கழற்றி எடுத்துப்போய், உள்பல்லையும் விட்டத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். அழகுக்காகச் சின்ன வீல் போடுகிறார்கள். லோடு வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விட்டம் குறையக் குறைய அதே திருப்பத்துக்குக் கை அதிக பலம் போட வேண்டும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் ஒரு டன் ஏற்றிக்கொண்டு சந்தில் திருப்பும்போது தோள்பட்டை கழன்றுவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். சமதரையில் நாலு அடி நேராக ஓட்டி நிறுத்துங்கள். முன் டயர் இரண்டும் நேராக இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். ஸ்டீயரிங் லாக் விழாதபடி சாவியைத் திருப்பி வையுங்கள். இண்டிகேட்டர் கம்பி நடுவில் இருக்கட்டும்.

ஹாரன் பேட் சில வண்டிகளில் வெறும் கிளிப்பில் நிற்கும், சிலவற்றில் வீலுக்குப் பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். பின்னால் தடவிப் பார்த்துவிட்டு நெம்புங்கள். பேடில் இருந்து வருகிற ஒயரை உருவி ஓரமாக ஒதுக்கினால் நடுவில் பெரிய நட்டு தெரியும். வண்டியைப் பொறுத்து 19 முதல் 24 மி.மீ. வரைக்குமான சாக்கெட் தேவைப்படும். இளக்கும்போது ஒருவர் வீலை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்டீயரிங் லாக்கைப் போட்டு அதன் பலத்தில் இளக்கினால் லாக் பின் உடையும்.

நட்டை முழுதாகக் கழற்றாதீர்கள். நாலைந்து மரை பிடித்திருக்கும்படி விட்டுவிடுங்கள். வீல் திடீரென்று விடுபட்டால் நேராக முகத்துக்குத்தான் வரும், அந்த நட்டுதான் தடுக்கும். அப்புறம், ஷாஃப்ட்டின் முனையிலும் ஹப்பிலும் சேர்த்து பெயிண்டில் ஒரு கோடு போடுங்கள்.

இனிதான் முக்கியமான கட்டம். பல வருடம் அசையாமல் இருந்த வீல் துருவோடு பிடித்துக்கொண்டிருக்கும். துரு இளக்கும் ஆயிலை இரண்டு சொட்டு விட்டுக் கால்மணி நேரம் பொறுங்கள். ஹப்பில் மரை போட்ட இரண்டு துளை இருந்தால் புல்லரின் (வீலை இழுத்துக் கழற்றும் கருவி) போல்ட்டை அதில் கையாலேயே நன்றாக உள்ளே போகும்வரை முடுக்கி, நடு ஸ்க்ரூவை ஷாஃப்ட் முனையில் உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும், வீல் விட்டுவிட்டது. துளை இல்லாத வீலென்றால் இடமும் வலமும் மாற்றி மாற்றி உங்கள் பக்கமாக ஆட்டி இழுங்கள். ஷாஃப்ட்டின் தலையில் சுத்தியலால் அடிப்பதைப் பல பட்டறைகளில் பார்க்கலாம். மரை நசுங்கும், உள்ளே இருக்கிற பேரிங் அடிபடும். விபத்தில் மடங்குவதற்கென்றே செய்த ஸ்டீயரிங் தண்டாக இருந்தால் அது அங்கேயே மடங்கவும் செய்யும். புல்லர் இல்லையென்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்குங்கள்.

வீல் வந்ததும் ஷாஃப்ட்டின் பல்லைப் பிரஷ்ஷால் துடையுங்கள். ஹாரன் ஒயருக்கான பித்தளை வளையத்தை எமரி தாளால் மெல்லத் தேய்த்தால் பளபளக்கும். புது வீலின் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் முனைகள் இண்டிகேட்டரைத் தானாகத் திருப்பும் வளையத்தில் சரியாக விழ வேண்டும். அடித்து உட்காரவைத்தால் அவை முறியும். வீல் நேராக இருக்கும்படி பல்லில் இறக்குங்கள். ஷாஃப்ட்டில் 36 பல் இருந்தால் ஒரு பல் மாறினாலே 10 டிகிரி கோணல் தெரியும். அதைவிடக் குறைவான கோணலைப் பல் மாற்றிச் சரிசெய்ய முடியாது. அலைன்மென்ட் கடையில் டயரைத் திருப்புகிற கம்பியான டை ராடில்தான் சரிசெய்வார்கள்.

நட்டும் வாஷரும் புதிதாகப் போடுங்கள், விலை கொஞ்சம்தான். இறுக்கத்துக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவை டார்க் ரென்ச்சில் வைத்து முடுக்குங்கள். நட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் குறுக்கே ஒரு பெயிண்ட் கோடு. ஒயர், பேட், பேட்டரி என்று வரிசையாக மாட்டிவிடலாம்.

வண்டியை நிறுத்திய நிலையிலேயே ஹாரன் அடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஒயர் எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்யுங்கள். டயர் அசையாமல் வீல் மட்டும் எவ்வளவு ஆடுகிறது என்றும் கவனியுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 98-ஆவது விதிப்படி இந்த ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. புது வீல் போட்டும் அதிகமாக ஆடினால் கோளாறு கீழே ஸ்டீயரிங் கியர் பாக்ஸிலோ ஜாயிண்டிலோ இருக்கிறது.

முதல் ஓட்டம் காலி மைதானத்தில், மெதுவாக. திருமங்கலம் நான்கு வழிச்சாலையில் போய்ச் சோதிக்க வேண்டாம். ஒரு நாள் லோடு ஓட்டிய பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஹாரன் பேடை எடுத்து, நட்டின் மேல் போட்ட கோட்டைப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு இளகுகிறது. வேறு நட்டு போட்டு இறுக்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.